தமிழகக் கோட்டைகளின் அமைப்பு: காலந்தோறும் ஏற்பட்ட மாற்றங்கள்

கோட்டை என்பது பகைவரிடமிருந்து ஊரையும் அரசையும் காக்க மதில், அகழி, வாயில் முதலியவற்றுடன் அமைக்கப்படும் அரண் ஆகும். மண்மேட்டில் தொடங்கிய கோட்டை பின்னர் செங்கல்லாகவும் கருங்கல்லாகவும் மாறியது. சமவெளியிலிருந்து மலையுச்சிக்கு ஏறி, மறுபடியும் சமவெளிக்கு இறங்கியது. வட்டக் கொத்தளங்களின் இடத்தில் அம்புமுனை போன்ற கொத்தளங்கள் வந்தன. இறுதியில் கோட்டையே தேவையற்றுப் போயிற்று. அரசர்களின் விருப்பமோ சிற்பிகளின் கற்பனையோ மட்டும் இம்மாற்றங்களுக்குக் காரணமல்ல. பகைவன் கையிலிருந்த ஆயுதம் மாறிய போதெல்லாம் மதிலும் மாறியது. தமிழகத்துக் கோட்டைகளை, குறிப்பாகக் கொங்குநாட்டுக் கோட்டைகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அதை விளக்குகிறது.

கோட்டை உறுப்புகளின் பெயர்கள்

பழந்தமிழில் கோட்டையையும் மதிலையும் குறிக்க அரண், எயில், இஞ்சி, புரிசை, மதில் எனப் பல சொற்கள் உள்ளன. இவற்றுடன் பின்வரும் சொற்களையும் அறிந்திருந்தால் கோட்டையின் அமைப்பை எளிதில் புரிந்துகொள்ளலாம்.

அகழி: மதிலைச் சுற்றி வெட்டப்பட்ட பள்ளம். பெரும்பாலும் நீர் நிறைந்திருக்கும். கிடங்கு என்றும் பெயர்.

காவற்காடு: அகழிக்கு வெளியே வளர்க்கப்பட்ட முட்காடு. மிளை என்பதும் இதுவே.

ஞாயில்: மதிலின் உச்சியில் வீரர்கள் மறைந்து நின்று அம்பு எய்வதற்கான அமைப்பு.

கொத்தளம்: மதிலிலிருந்து வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பகுதி. இங்கு நின்றால் மதிலின் பக்கவாட்டைப் பார்த்துத் தாக்க முடியும்.

திட்டிவாசல்: பெரிய கதவைத் திறக்காமல் ஒருவர் மட்டும் குனிந்து நுழைவதற்கான சிறு வாயில்.

வள்ளுவர் கூறும் இலக்கணம்

திருக்குறளின் 75ஆம் அதிகாரம் அரண். நீர், வெளிநிலம், மலை, காடு ஆகிய நான்கும் அரணுக்கு வேண்டும் என்கிறார் வள்ளுவர். உயரம், அகலம், உறுதி, நெருங்க முடியாத அருமை ஆகியவை மதிலுக்கு வேண்டிய பண்புகள். காவல் காக்க வேண்டிய இடம் சிறிதாகவும் உள்ளிடம் பெரிதாகவும் இருக்க வேண்டும், உள்ளே உணவு நிறைந்திருக்க வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். வடமொழி அர்த்தசாத்திரமும் நீர், மலை, பாலை, காடு என நால்வகை அரண்களைச் சொல்கிறது.

இக்கட்டுரைக்கு மிகவும் பயன்படுவது 747ஆம் குறள். ஒரு கோட்டையைக் கைப்பற்ற மூன்று வழிகள் உண்டு என்பது அதன் உட்பொருள். ஒன்று, சுற்றி வளைத்துக்கொண்டு பட்டினி போடுவது. இரண்டு, முற்றுகையிடாமல் நேரே பாய்ந்து தாக்குவது. மூன்று, உள்ளே இருப்பவரைத் தம் பக்கம் இழுத்து வஞ்சகத்தால் வெல்வது. பின்வந்த நூற்றாண்டுகளில் தமிழகத்துக் கோட்டைகள் வீழ்ந்த வரலாற்றைப் பார்த்தால், ஏறத்தாழ எல்லாமே இந்த மூன்றில் ஒன்றில் அடங்கும். கட்டுமானத்தில் செய்த மாற்றங்கள் முதல் இரண்டு வழிகளையும் அடைக்கவே உதவின. மூன்றாவது வழியை எந்த மதிலாலும் அடைக்க முடியவில்லை.

சங்க காலம்: மண்மேடு, அகழி, காவற்காடு

சங்க காலத்தில் கோட்டைப் போர் தனிக் கலையாகவே வளர்ந்திருந்தது. மதிலை வளைத்துத் தாக்குவது உழிஞைத் திணை. மதிலுக்குள் இருந்து காப்பது நொச்சித் திணை என்று புறப்பொருள் வெண்பாமாலை பிரித்துக் கூறுகிறது. உழிஞைப் பூவையும் நொச்சிப் பூவையும் சூடிப் போரிட்டதால் இப்பெயர்கள் வந்தன.

அக்காலக் கோட்டையின் அமைப்பைப் புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள பொற்பனைக்கோட்டையில் இன்றும் காணலாம். வட்ட வடிவில் எழுப்பிய மண்மேடும், அதன் மேல் செங்கற் சுவரும், வெளியே அகழியும் அங்கு இருந்தன. 2021க்குப் பின் நடந்த அகழாய்வுகள் இவ்விடத்தை மேலும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துள்ளன. அகழி தோண்டிய மண்ணையே உள்பக்கம் கொட்டி மேடாக்கினால் ஒரே வேலையில் பள்ளமும் மதிலும் கிடைத்துவிடும். உலகில் பல நாடுகளில் முதற்கோட்டைகள் இவ்வாறு தான் தோன்றின. 1066க்குப் பின் இங்கிலாந்தைப் பிடித்த நார்மானியர் கட்டிய தொடக்கக் காலக் கோட்டைகளும் மண்ணைக் குவித்து, அதன் மேல் மரவேலி நட்டவையே.

காவற்காடு என்பது கொங்குநாட்டு மாணவர்களுக்கு எளிதில் விளங்கும். காங்கேயம் பகுதியில் மாடு மேயும் கொரங்காட்டைச் சுற்றிக் கிளுவை முள்வேலி இருப்பதைப் பார்த்திருப்பார்கள். நன்கு வளர்ந்த கிளுவை வேலியை மாடும் தாண்டாது, மனிதரும் எளிதில் தாண்ட முடியாது. வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும். அத்தகைய வேலி பல மடங்கு அகலத்தில், ஒரு காடாகவே கோட்டையைச் சூழ்ந்திருப்பதாக எண்ணிப் பார்த்தால் அதுதான் காவற்காடு. குதிரையும் யானையும் தேரும் வேகமாக வந்து மோதுவதை அது தடுத்தது.

பகைவரின் ஆயுதங்கள் அன்று அம்பு, வேல், ஏணி, யானை என்ற அளவில் இருந்தன. எனவே மதில் உயரமாக இருந்தால் போதும். ஏணி எட்டக்கூடாது, மேலிருந்து எறிவது கீழே விழ வேண்டும் என்பதே அடிப்படை. மதுரை மதிலின் மேல் தானாக வளைந்து அம்பு எய்யும் பொறி, கல் வீசும் கவண், குரங்கு உருவப் பொறி, காய்ச்சிய எண்ணெய்க்கான பாத்திரம் முதலியன இருந்ததாகச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை பட்டியல் தருகிறது. இவை எல்லாமே மேலிருந்து கீழே தாக்குபவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வாயில்தான் மதிலின் பலவீனமான இடம். யானையை ஓடவிட்டுக் கதவை முட்டச் செய்வது வழக்கம். ஆகவே கதவில் கூரிய இரும்பு ஆணிகளைப் பொருத்தினர். பிற்காலத்தில் வாயிலுக்குச் செல்லும் வழியை நேராக அமைக்காமல் வளைத்துத் திருப்பினர். யானை ஓடிவந்து மோத இடம் இருக்காது. திரும்பும் ஒவ்வொரு முனையிலும் பகைவரின் முதுகும் விலாவும் மேலே நிற்கும் காவலர்களுக்கு இலக்காகும்.

மலைக்கோட்டைகள்

மதிலை உயர்த்திக்கொண்டே போவதற்கு ஓர் எல்லை உண்டு. இயற்கையே உயர்த்தி வைத்திருக்கும் மலையைப் பயன்படுத்தினால் அந்தச் செலவு மிச்சம். விசயநகர, நாயக்கர் காலங்களில் தமிழகத்தில் மலைக்கோட்டைகள் பெருகின.

இவற்றுள் தலைசிறந்தது செஞ்சிக் கோட்டை. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளை ஒரே மதிலால் இணைத்திருக்கிறார்கள். அம்மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இராஜகிரியின் உச்சி சுமார் 800 அடி உயரத்தில் உள்ளது. உச்சியை நெருங்கும் இடத்தில் ஓர் ஆழமான பிளவு குறுக்கிடுகிறது. அதன் மேல் ஒரு பாலம் போட்டு, ஆபத்து வந்தால் பாலத்தை விலக்கிக்கொள்ளும்படி அமைத்திருந்தனர். மலைமேல் வற்றாத நீர்நிலைகளும் பெரிய தானியக் களஞ்சியங்களும் இருந்தன. பட்டினி போட்டு வெல்லும் வழியை அடைப்பதற்கான ஏற்பாடு இது. 1690 முதல் 1698 வரை, எட்டு ஆண்டுகள் முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட வேண்டியிருந்தது. உள்ளே இருந்த மராத்திய அரசர் இராஜாராம் அதற்குள் தப்பி வெளியேறிவிட்டார். 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த மராத்தியப் படைத்தளங்கள் 12இல் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி மட்டுமே.

கொங்குநாட்டிலும் அதன் எல்லையிலும் மூன்று மலைக்கோட்டைகள் குறிப்பிடத்தக்கவை.

நாமக்கல் கோட்டை ஊரின் நடுவே நிற்கும் ஒற்றைப் பாறையின் மேல் உள்ளது. பாறையின் உயரம் 200 அடிக்கும் மேல். நாற்புறமும் வழுக்குப் பாறையாக இருப்பதால், மேலே உயரமான மதில் தேவைப்படவில்லை. பாறையின் அடியில் பல்லவர், பாண்டியர் காலத்தைச் சேர்ந்த பாணியில் குடையப்பட்ட நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகள் இருக்கின்றன. மேலிடம் மிகவும் குறுகியது என்பதே இதன் குறை. பெரிய படை தங்க முடியாது.

சங்ககிரிக் கோட்டை மலையின் அடியிலிருந்து உச்சிவரை படிப்படியாக அமைந்தது. ஒரு வாயிலைக் கடந்தால் இன்னொரு மதிலும் இன்னொரு வாயிலும் எதிர்ப்படும். ஒவ்வொரு வாயிலையும் இழந்தாலும் அடுத்ததற்குப் பின்வாங்கிப் போரிடலாம். ஒரே பெரிய மதிலுக்குப் பதிலாகப் பல மதில்களை அடுக்கும் இம்முறை ஐரோப்பாவிலும் தோன்றியது. வேல்ஸில் 1295இல் தொடங்கப்பட்ட போமாரிஸ் கோட்டை ஒரு மதிலுக்குள் இன்னொரு மதிலாகக் கட்டப்பட்டது.

திண்டுக்கல் மலைக்கோட்டையை 1605இல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் கட்டத் தொடங்கினார். திருமலை நாயக்கர் அதை வலுப்படுத்தினார். பின்னர் ஐதர் அலியின் கைக்கு வந்து, பீரங்கிகளுக்கு ஏற்றபடி மேலும் மாற்றப்பட்டது. ஒரே கோட்டையில் பல காலத்துச் சுவர்களை இங்கு பார்க்க முடியும்.

வெடிமருந்து வந்த பின்

1453இல் கான்ஸ்டாண்டிநோபிள் நகரம் துருக்கியரிடம் வீழ்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் நகரைக் காத்த மதில்களைப் பெரும் பீரங்கிகள் உடைத்தன. தென்னிந்தியாவிலும் இதே காலத்தை அடுத்து வெடிமருந்து ஆயுதங்கள் பரவின. 1520இல் இராய்ச்சூர்க் கோட்டையைக் கிருஷ்ணதேவராயர் முற்றுகையிட்டபோது போர்த்துக்கீசியத் துப்பாக்கி வீரர்கள் அவருக்குத் துணை நின்றனர்.

பீரங்கி வந்ததும் உயரம் என்ற பழைய பலம் பலவீனமாக மாறியது. உயரமான, மெல்லிய கல்மதிலின் அடிப்பகுதியில் குண்டுகள் தொடர்ந்து பட்டால் மேற்பகுதி தன் எடையாலேயே சரிந்து விழும். விழுந்த கற்கள் அகழியை நிரப்பும். பகைவர் ஏறிச் செல்ல ஒரு சரிவுப் பாதையை மதிலே அமைத்துக் கொடுத்தது போலாகிவிடும். எனவே மதிலைத் தாழ்வாகவும் மிகவும் தடிமனாகவும் கட்டி, பின்புறம் மண்ணை நிரப்ப வேண்டியதாயிற்று. மேலே பீரங்கிகளை நிறுத்த அகன்ற மேடையும் தேவைப்பட்டது.

வேலூர்க் கோட்டை இந்த மாற்றத்தைக் காட்டுகிறது. 16ஆம் நூற்றாண்டில் விசயநகர அரசின் கீழிருந்த சின்ன பொம்மு நாயக்கர் காலத்தில் எழுந்த இக்கோட்டை சமவெளியில், 133 ஏக்கர் பரப்பில் உள்ளது. பெரிய கருங்கல் மதில், வட்டக் கொத்தளங்கள், அகன்ற நீர் அகழி ஆகியவை இதன் பலம். அகழிக்குச் சூரியகுண்டம் ஏரியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியே நீர் வந்தது. அகழியில் நீர் இருந்தால் மதிலின் அடியில் சுரங்கம் தோண்டி வெடிவைப்பதும் கடினம்.

ஆனால் வேலூருக்கு அருகில் குன்றுகள் இருந்தன. வில்லும் வேலும் ஆயுதங்களாக இருந்த காலத்தில் அக்குன்றுகளால் ஆபத்து இல்லை. பீரங்கி வந்த பின் நிலைமை மாறியது. மராத்தியர் அக்குன்றுகளின் மேல் சாஜ்ரா, கோஜ்ரா என்ற சிறு கோட்டைகளைக் கட்டி, அங்கிருந்து கீழே கோட்டையைத் தாக்கினர். ஓராண்டுக்கு மேல் தாக்குப்பிடித்த வேலூர் 1678இல் அவர்கள் வசமானது. கோட்டைக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது பக்கத்தில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்ற பாடம் இது. பின்னாளில் அக்குன்றுகளையும் கைவசம் வைத்திருந்த ஆங்கிலேயரிடமிருந்து 1780 முதல் 1782 வரை முற்றுகையிட்டும் ஐதர் அலியால் வேலூரைப் பிடிக்க முடியவில்லை.

வட்டக் கொத்தளமும் அம்புமுனைக் கொத்தளமும்

சதுர மூலையைவிட வட்டக் கொத்தளம் வலிமையானது. சதுர மூலையைக் குடைந்தால் அந்த மூலை முழுவதும் சரியும். 1215இல் இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்ட ஜான் மன்னர், ஒரு மூலைக் கோபுரத்தின் அடியில் சுரங்கம் தோண்டி, தாங்கு மரங்களுக்குப் பன்றிக் கொழுப்பால் தீயிட்டு அதை வீழ்த்தினார். பிறகு அந்த மூலையை வட்டமாகக் கட்டினார்கள். மற்ற மூலைகள் இன்றும் சதுரமாகவே நிற்கின்றன.

வட்டத்துக்கும் ஒரு குறை உண்டு. மாணவர்கள் இதைத் தாளில் வரைந்து பார்க்கலாம். ஒரு நேர்கோட்டை மதிலாக வரைந்து, அதில் சற்று இடைவெளி விட்டு மூன்று நாணயங்களைக் கொத்தளங்களாக வையுங்கள். இரு ஓரங்களிலும் உள்ள நாணயங்களிலிருந்து நடு நாணயத்தின் விளிம்பைத் தொட்டுச் செல்லும்படி இரண்டு கோடுகள் போடுங்கள். அவ்விரு கோடுகளும் நடு நாணயத்துக்கு முன்னால் சந்திக்கும். கோடுகளுக்கும் நாணயத்துக்கும் நடுவே ஒரு சிறு முக்கோண இடம் மிஞ்சும். அந்த இடத்தில் நிற்கும் பகைவனை எந்தக் கொத்தளத்திலிருந்தும் சுட முடியாது. அங்கே பதுங்கிக்கொண்டு அவன் மதிலைக் குடையலாம். இப்போது நாணயத்தை எடுத்துவிட்டு, அந்த முக்கோணம் முழுவதையும் கொத்தளமாகவே கட்டிவிட்டால் பகைவன் மறைய இடமே இல்லை. அம்புமுனை வடிவக் கொத்தளம் இப்படித்தான் பிறந்தது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வளர்ந்த இம்முறையைப் பிரான்சின் வோபான் (1633–1707) உச்சநிலைக்குக் கொண்டுசென்றார். மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம் போலத் தெரிவதால் இவற்றை நட்சத்திரக் கோட்டைகள் என்பர்.

கடற்கரையில் ஐரோப்பியர் கட்டியவை

தமிழர் நிலத்தில் இவ்வகைக் கோட்டைகள் முதலில் கடற்கரையில் எழுந்தன. தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் டான்ஸ்போர்க் கோட்டையைத் தொடங்கினர். வணிகச் சரக்குகளுக்கான கிடங்கும் அலுவலர் குடியிருப்பும் கோட்டையும் ஒன்றாக இருந்த அமைப்பு அது.

நட்சத்திரக் கோட்டைக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு யாழ்ப்பாணக் கோட்டை. போர்த்துக்கீசியர் கட்டிய நாற்கோணக் கோட்டையை 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதை இடித்துவிட்டு ஐங்கோண வடிவில் புதிதாகக் கட்டினர். ஐந்து மூலைகளிலும் அம்புமுனைக் கொத்தளங்கள் அமைந்தன. உட்கோட்டை 1680இல் நிறைவுற்றது. வெளி அரண்கள் 1792இல்தான் முடிந்தன. மூன்று ஆண்டுகள் கழித்து, 1795இல், பெரும்போர் எதுவும் இன்றியே அது ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. நூறாண்டுக்கு மேல் பாடுபட்டு முழுமையாக்கிய கோட்டைக்குக் கிடைத்த பயன் அவ்வளவுதான்.

சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டை 1640இல் சிறு நாற்கோண உட்கோட்டையாகத் தொடங்கியது. 1746இல் பிரெஞ்சுக்காரர் கடலிலிருந்தும் நிலத்திலிருந்தும் தாக்கியபோது சில நாட்களிலேயே சரணடைந்தது. இந்தத் தோல்விக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீர்செய்ய பெஞ்சமின் ராபின்ஸ் என்பவரை அனுப்பியது. பீரங்கிக் குண்டின் வேகத்தை ஊசல் கொண்டு அளக்கும் முறையைக் கண்ட கணித அறிஞர் அவர். குண்டின் வேகத்தைக் கணக்கிட்டவரையே மதில் கட்ட அழைத்தது, ஆயுதமும் கோட்டையும் எவ்வளவு நெருங்கியவை என்பதைக் காட்டுகிறது. அவர் 1751இல் கடலூரை ஒட்டிய புனித டேவிட் கோட்டையில் காலமானார். 1758–59இல் லாலியின் முற்றுகையைச் சென்னைக் கோட்டை தாங்கி நின்றது. கடற்பக்கம் நேராகவும் நிலப்பக்கம் பல கோணங்களாகவும் அமைந்த இன்றைய வடிவம் 1783இல் நிறைவுற்றது.

இந்திய அரசர்களும் இந்த மாற்றங்களை அறிந்தே இருந்தனர். கொங்குநாட்டின் மேற்கு வாயிலான பாலக்காட்டுக் கணவாயில் 1766இல் ஐதர் அலி கட்டுவித்த பாலக்காட்டுக் கோட்டை தாழ்ந்து தடித்த மதில்களும் ஆழ்ந்த அகழியும் கொண்ட சதுரக் கோட்டை. நான்கு மூலைகளிலும் பக்கங்களின் நடுவிலும் வலிய கொத்தளங்கள் உள்ளன. 1783இல் மழை கொட்டிய ஓர் இரவில், வெளிக்காவலில் இருந்தவர்கள் பின்வாங்கி ஓடியபோது ஆங்கிலப் படையினர் அவர்களைத் துரத்திக்கொண்டே வாயில்களுக்குள் நுழைந்துவிட்டனர். மதில் உறுதியாகத்தான் இருந்தது. திறந்திருந்த கதவு கோட்டையைக் கொடுத்தது.

பாளையக்காரர்களின் மண்கோட்டைகள்

கல் கிடைக்காத கரிசல் நிலத்துப் பாளையக்காரர்கள் மண்ணாலேயே கோட்டை கட்டினர். இதை ஏழ்மையின் அடையாளமாக நினைப்பது தவறு. உலர்ந்த செங்கல் மேல் ஒரு கல்லை ஓங்கி எறிந்தால் செங்கல் உடையும். பிசைந்த களிமண் உருண்டையின் மேல் எறிந்தால் கல் உள்ளே பதிந்து நின்றுவிடும். பீரங்கிக் குண்டும் அவ்வாறே மண்மதிலில் புதைந்துபோகும். விரிசல் ஓடாது. இரவோடு இரவாக ஊரார் கூடி ஓட்டையை அடைத்துவிடவும் முடியும்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இதற்குச் சான்று. போரில் பங்கேற்ற ஆங்கில அலுவலர் ஜேம்ஸ் வெல்ஷ் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். நீளம் சுமார் 500 அடி, அகலம் சுமார் 300 அடி, மதிலின் உயரம் சுமார் 12 அடி. முழுவதும் மண். நெருக்கமான சிறு சதுரக் கொத்தளங்கள். வெளியே முள்வேலி. 1799 செப்டம்பர் 5 அன்று பானர்மன் நடத்திய தாக்குதலை அக்கோட்டை முறியடித்தது. கட்டபொம்மன் அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பின் கோட்டை இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையும் தோழர்களும் சில நாட்களிலேயே அதே இடத்தில் கோட்டையை எழுப்பினர். மார்ச் 31 அன்று நடந்த தாக்குதலும் தோற்றது. பெரிய பீரங்கிகள் வந்துசேர்ந்த பிறகே, மே 24 அன்று ஆங்கிலேயரால் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. சங்க காலத்து மண்மேடும் முள்வேலியும் பீரங்கிக் காலத்திலும் பயன்பட்டன என்பது கோட்டை வரலாற்றில் வியப்பான செய்தி. ஐரோப்பியப் பொறியாளர்கள் பல நூறாண்டு ஆராய்ந்து கண்ட தாழ்ந்த, தடித்த, மண் நிரம்பிய மதிலின் தன்மை நம் மண்கோட்டையில் இயல்பாகவே இருந்தது.

கொங்குநாட்டில் கோட்டைகளின் கடைசிக் காலம்

மைசூர்ப் போர்களில் கோவை, ஈரோடு, கரூர், தாராபுரம் முதலிய கொங்குக் கோட்டைகள் ஐதர், திப்பு, ஆங்கிலேயர் ஆகியோரிடம் மாறி மாறிச் சென்றன. 1791இல் கோவைக் கோட்டையைக் காக்க முடியாது என்று கருதி, அங்கிருந்த நல்ல பீரங்கிகளை ஆங்கிலேயர் பாலக்காட்டுக்கு அனுப்பிவிட்டனர். சால்மர்ஸ் என்ற இளநிலை அலுவலரும் திருவிதாங்கூர் வீரர்கள் உள்ளிட்ட சிறு படையும் மட்டும் எஞ்சினர். ஆகஸ்ட் மாதம் திப்புவின் படை நடத்திய நேரடித் தாக்குதலை அவர்கள் முறியடித்தார்கள். கமருத்தீன்கான் பெரும்படையுடன் வந்து முற்றுகையிட்ட பின், நவம்பரில்தான் சரணடைந்தார்கள். என்ன சிறப்பு இருந்தாலும் செயல்திறம் உடையவர் உள்ளே இல்லாவிட்டால் அரண் பயனற்றது என்கிறது அதிகாரத்தின் இறுதிக் குறள். உள்ளே தகுந்தவர் இருந்தால் பலமற்ற கோட்டையும் சில மாதம் நிற்கும் என்று கோவை காட்டியது.

காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756இல் பிறந்தவர் தீரன் சின்னமலை. 1799இல் திப்பு சுல்தான் மறைந்த பின், அரச்சலூருக்கு அருகே ஓடாநிலையில் கோட்டை அமைத்து ஆங்கிலேயரை எதிர்த்தார். 1801இல் காவிரிக் கரையிலும், 1802இல் ஓடாநிலையிலும், 1804இல் அரச்சலூரிலும் அவர் வென்றதாகக் கூறுவர். இறுதியில் பெரும் பீரங்கிகளோடு படை வந்தபோது அவர் கோட்டையை விட்டு முன்னரே வெளியேறிவிட்டார். ஆங்கிலேயர் ஓடாநிலைக் கோட்டையைத் தகர்த்தனர். சின்னமலை பிடிபட்டது கோட்டையில் அன்று. கருமலைப் பகுதியில் மறைந்திருந்தபோது, உடனிருந்தவர் காட்டிக்கொடுத்ததால் பிடிபட்டார். வள்ளுவர் சொன்ன மூன்றாவது வழி. 1805 ஜூலை 31 அன்று அவரும் உடன்பிறந்தாரும் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டனர். ஒரு கொங்குக் கோட்டை இடிக்கப்பட்டது. இன்னொரு கொங்குக் கோட்டை தூக்குமேடையானது. ஆண்டுதோறும் ஆடி 18 அன்று ஓடாநிலையிலும் சங்ககிரியிலும் மக்கள் அவரை நினைவுகூர்கின்றனர்.

ஆங்கிலேயர் பாளையக்காரர்களின் கோட்டைகளை வென்றதோடு விடவில்லை. இடித்து மண்ணோடு மண்ணாக்கினார்கள். ஊரார் கூடினால் சில நாளில் ஒரு கோட்டை எழும்பிவிடும் என்பதைப் பாஞ்சாலங்குறிச்சியில் அவர்கள் கண்கூடாகப் பார்த்திருந்தார்கள்.

பயனிழந்த கோட்டைகள்

நாடு முழுவதும் ஒரே ஆட்சியின் கீழ் வந்ததும் உள்நாட்டுக் கோட்டைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் வெடித்துச் சிதறும் குண்டுகளும் நெடுந்தொலைவு சுடும் பீரங்கிகளும் வந்தன. 20ஆம் நூற்றாண்டில் விமானம் வந்த பின் எந்த உயரமும் உயரமில்லை.

ஈரோட்டுக் கோட்டையிலிருந்து 1807இல் படை விலக்கப்பட்டது. தாதுவருடப் பஞ்சத்தின்போது, 1877இல், பஞ்ச நிவாரண வேலையாக அக்கோட்டை இடித்துச் சமன் செய்யப்பட்டது. முன்பு ஊரைக் காக்க எழுந்த மதிலை, பசித்த மக்கள் கூலிக்காக மண்வெட்டியால் கரைத்தார்கள். இன்று கோட்டை ஈசுவரன் கோயிலும் பெருமாள் கோயிலும் கோட்டை என்ற பகுதியின் பெயருமே மிச்சம். கோவையிலும் கோட்டைமேடு என்ற பெயரும் கோட்டை ஈசுவரன் கோயிலும் உள்ளன, கோட்டை இல்லை. போசளர் தண்டநாயகர் காலத்தோடு தொடர்புடைய டணாயக்கன் கோட்டை 1955இல் முடிந்த பவானிசாகர் அணையின் நீருக்குள் மூழ்கியது. நீர்மட்டம் மிகவும் குறையும் ஆண்டுகளில் மாதவராயப் பெருமாள் கோயில் வெளியே தெரிகிறது. காங்கேயம் காளைகளுக்குப் பெயர்பெற்ற பழையகோட்டையும் தன் பெயரில் ஒரு கோட்டையைச் சுமந்து நிற்கிறது.

சொல் மட்டும் அழியவில்லை. தேர்தல் காலத்தில் கோட்டையைப் பிடிப்பது யார் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் புனித ஜார்ஜ் கோட்டையில் இயங்குவதால் வந்த வழக்கு அது.

கோட்டைக்குச் செல்வோர் கவனிக்க வேண்டியவை

சங்ககிரி, நாமக்கல், திண்டுக்கல் ஆகிய கோட்டைகளுக்கு ஒரே நாளில் சென்று திரும்ப இயலும். அங்கு செல்லும் மாணவர்கள் பின்வரும் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால், கோட்டையின் காலத்தையும் அது அஞ்சிய ஆயுதத்தையும் தாமே ஓரளவு கண்டறியலாம்.

1. மதில் உயரமும் மெல்லியதுமா, தாழ்வும் தடிமனுமா? முன்னது பீரங்கிக்கு முந்தைய சிந்தனை, பின்னது பிந்தையது.

2. மதிலின் துளைகள் எவ்வளவு பெரியவை? கைத்துப்பாக்கிக்கு உரியவை குறுகலானவை. பீரங்கிக்கு உரியவை அகன்றிருக்கும், பின்னால் மேடையும் இருக்கும்.

3. வாயிலுக்குச் செல்லும் வழி நேரா, வளைவா?

4. கொத்தளம் சதுரமா, வட்டமா, அம்புமுனையா?

5. நீர் எங்கிருந்து வந்தது? சுனை, கிணறு, குளம் ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். நீரில்லாத கோட்டை நெடுநாள் நின்றிருக்காது.

6. கருங்கல் மதிலின் மேல் செங்கல் வேலை உள்ளதா? அப்படியானால் பின்னால் வந்தவர் பழைய மதிலைத் தம் காலத்துக்கு ஏற்ப மாற்றியிருக்கலாம்.

சுவரில் பெயர் எழுதுவதையும், புதையல் தேடிக் கொத்தளங்களைத் தோண்டுவதையும் தவிர்க்க வேண்டும். மதிலின் ஒவ்வோர் அடுக்கும் ஒரு காலத்தின் சான்று. பீரங்கிக்குத் தப்பிய மதில்கள் பல நம் காலத்தில் கல்லுக்காகவும் மனைக்காகவும் மறைந்து வருகின்றன. பகைவனைப் பார்த்து மாறிக்கொண்டே வந்த கோட்டைக்கு இப்போது பகைவர் இல்லை. அதைக் காக்கும் கடமை உள்ளூர் மக்களுடையது.